இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒரு ரகசியம்

மொரப்பூர்,
6-3-1989

சேசு, மரி, சூசை துணை.

சென்னைக் கோட்டையில் அரசுப் பணியிலிருக்கும் மரியாதைக்குரிய மச்சான் மதலைமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை இன்னாசியம்மாளின் வீட்டுக்காரர் யாகப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே வெயிலைத் தவிர வேறு குறையில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் குறை இருக்கிறது. உங்கள் மருமகள் ராஜமேரியின் வேலை போகப்போகிறது. அதைத் தடுக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட வேண்டும். வெள்ளிக்கிழமை விசாரணை என்பதால் வியாழக்கிழமைக்குள் போட்டுவிட்டால் உதவியாக இருக்கும்.

பிள்ளை சேலத்தில் படித்துவிட்டு வந்து, நம் புளி விவசாயிகள் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பது தாங்கள் அறிந்ததே. பொங்கல் முடிந்து அந்தப் பெட்டி வந்து இறங்கியபோது அதற்குத் தனி அறை, கண்ணாடிக் கதவு, ஏசி என்று நடந்த உபசாரம் கொஞ்சமல்ல. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் செயலாளர் பச்சியப்பன் கோயிலில்கூட அவ்வளவு பயபக்தியோடு செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை. யாருடைய புளியை எந்த நாளில் எடை போடுவது என்ற முறைப் பட்டியல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, அதைத் திறக்க ஒரு ரகசியச் சொல்லைத் தட்ட வேண்டும், அந்தச் சொல் ஒருவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அரசாங்கம் பெட்டிக்கு ஸ்டெபிலைசர் கொடுத்தது, தூசு படாமல் உறை கொடுத்தது. அந்தச் சொல்லை யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்று மட்டும் ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"சாவின்னா டூப்ளிகேட் இருக்கோணும்மா. நாளைக்கே கண்ணாலமாகி நீ போயிட்டீன்னா பொட்டிய யாரு தொறக்கறது?" என்று பச்சியப்பன் கேட்டிருக்கிறார். சங்கத்தில் சாக்குப் பையிலிருந்து எடைக்கல் வரை எதை ஒப்படைத்தாலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில்தான் ஒப்படைப்பது வழக்கம். ஆகவே ரகசியத்தையும் அப்படியே ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒரு சாட்சி டீக்கடைக்காரர். இன்னொரு சாட்சி வாட்ச்மேன் மாதையன், அவருக்குக் காது மந்தம். "சத்தமாச் சொல்லும்மா, காதுல வுழாம எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்று அவர் நியாயமாகத்தான் கேட்டார். இவள் கத்தினாள். எடைக் களத்தில் நின்ற வண்டி மாட்டுக்கும் கேட்டிருக்கும். ரகசியம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டார்கள்.

அடுத்த வாரமே பட்டியல் தலைகீழாகிவிட்டது மச்சான். பச்சியப்பனின் மாமனார் பெயர் மேலே ஏறிவிட்டது, நல்லம்பள்ளிப் பக்கத்து ஜனங்கள் பெயரெல்லாம் அடியில். செல்லம்மாள் என்று ஒரு விதவை, தன் முறை என்று நம்பி வாடகை வண்டியில் புளியைக் கொண்டுவந்தவர், பெயரே இல்லை என்றதும் சங்க வாசலிலேயே கல் கூட்டிச் சோறு பொங்கிக்கொண்டு கிடந்தார். "நீ பாக்கற பொட்டிதானம்மா, எம்பேரு எங்க போச்சுன்னு நீயே சொல்லு" என்று அவர் கேட்டதிலிருந்து ராஜமேரிக்குத் தூக்கமில்லை. பட்டியலைச் சரிசெய்தாள், சொல்லை மாற்றினாள், புதுச் சொல்லை யாருக்கும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். உடனே இரண்டு மெமோ வந்தது. ரகசியத்தைக் காப்பாற்றவில்லை என்று ஒன்று. ரகசியத்தைக் காப்பாற்றுகிறாள் என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே விசாரணை.

வேலை நிரந்தரமாகிற நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று நானும் கோபப்பட்டேன், பொய் சொல்வானேன். "சொல்லித் தொலையேன் சாமி" என்றேன். "சொன்னா அந்தக்கா பேரு மறுபடியும் காணாமப் போயிருமுங்கப்பா" என்கிறாள். நானே கண்டுபிடித்துவிடலாமென்று அந்தோணியார், சவேரியார், செபஸ்தியார் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் நம் வீட்டுக் கிடேரிக் கன்றின் பெயரையும் சொன்னேன். அவள் நிமிராமல் களியைத் தின்றுகொண்டிருந்தாள். பச்சியப்பனோ, தவக்காலமாயிற்றே, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டுச் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியாரிடமே ஆள் அனுப்பிவிட்டார். "பாவம்னாத்தான் அங்க சொல்ல முடியும், இது பாவமில்லையே. சொன்னாலும் நான் வாயத் தொறக்கக் கூடாது, எங்களுக்குச் சட்டம் இருக்குது" என்றாராம் சாமியார். அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. சாமியாருக்குச் சட்டம் இருக்கிறது, ஓட்டுப் பெட்டிக்குச் சட்டம் இருக்கிறது, தபாலுக்குக்கூட இருக்கிறது, என் மகள் மட்டும் ஒரு காகிதத் துணையும் இல்லாமல் தனியாக நிற்கிறாள். பயமாயிருக்கிறது மச்சான்.

எனவே, ரகசியச் சொல்லைச் சொல்லாதவர் குற்றவாளி அல்ல, கேட்டவரே குற்றவாளி என்று ஒரு சட்டம் வேண்டும். நான் தபால் அனுப்பும் பிரிவில்தானே இருக்கிறேன், எனக்கென்ன அதிகாரம் என்று தட்டிக்கழிக்காதீர்கள். எல்லா உத்தரவும் உங்கள் மேசை வழியாகத்தானே வெளியே போகிறது? நடுவில் ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது?

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா காவலிருக்கட்டும். பாஸ்காத் திருநாளுக்கு எல்லாரும் வந்து சேருங்கள். உங்கள் தங்கை கொட்டை எடுத்த புளி கட்டி வைத்திருக்கிறாள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
பெ. யாகப்பன்

பின்குறிப்பு: தபாலில் போட்டால் யாராவது பிரித்துப் படித்துவிடுவார்களோ என்று, சென்னை போகிற தெரிந்த ஆளை ஸ்டேஷனில் தேடிக்கொண்டிருந்ததில் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. சட்டம் வேண்டாம் மச்சான். மேலிடத்திலிருந்து நிஜமாகவே ஓர் உத்தரவு வந்தது. ரகசியச் சொல்லைக் கண்டிப்பாக ரகசியமாக வைத்திருக்க வேண்டுமாம், உறுப்பினர்களின் தகவலுக்காக அதை நோட்டீஸ் பலகையில் ஒட்டவும் வேண்டுமாம். விசாரணைக்கு வந்த அதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஊருக்கே தெரிகிற சொல்லுக்கு ஒருத்தியை எப்படிப் பிடிப்பது என்று இரண்டு மெமோவையும் ரத்து செய்துவிட்டார். ராஜமேரியும் சொல்லைப் பலகையில் ஒட்டினாள். போய்ப் பார்த்தால், ஆங்கிலத்தில் என் பெயர். கிடேரியின் பெயர்வரை சொல்லிப் பார்த்தவனுக்கு அது மட்டும் தோன்றவேயில்லை. அங்கேயே கண் கலங்கிவிட்டது, பிறகுதான் பயம் வந்தது. "ஏஞ்சாமி, இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே?" என்றேன். "ஒட்டச் சொன்னாங்க, ஒட்டிட்டேன். ஒட்டுனதுக்கப்பறம் மாத்தக் கூடாதுன்னு உத்தரவுல இல்லீங்கப்பா" என்றாள். செல்லம்மாள் மறுநாள் காலையில் புளியை எடை போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். புதுச் சொல் என்னவென்று ராஜமேரி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.