லொறிச் சக்கரத்திலிருந்து நான் எடுத்த கல்

மழை விட்ட சாலையில், வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு லொறி கியர் மாற்றுகிறது. ஒரு பெருமூச்சு, ஒரு இருமல், பிறகு அடித்தொண்டையில் ஒரே சுருதியில் ஏற்றம். அட்டன் பக்கம் வாழ்கிறவர்களுக்கு இது ஒரு சத்தமே இல்லை. எனக்கு மட்டும் கை துடிக்கிறது, கீழே குனிந்து எதையோ எடுத்த இடத்தில் திருப்பி வைக்கச் சொல்லி.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லைப் பற்றி இதுவரை பதினோரு கவிதைகள் எழுதியிருக்கிறேன். ஆற்றுக் கல், மைல் கல், கல்லாய்ப் போன காதலி. (கடைசியை மன்னித்துவிடுங்கள், அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.) உண்மையில் எழுதியிருக்க வேண்டிய கல் ஒன்றே ஒன்றுதான். அது என் மச்சானின் லொறிக்குச் சொந்தமானது.

மச்சான் என்றால் அக்காவின் கணவர், செல்லமுத்து. டயகமவில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்து அறையில் பிறந்தவர். பிறருடைய லொறிகளில் மூட்டை ஏற்றி இறக்கி, எஞ்சின் இறுகிப்போன பழைய லொறி ஒன்றை வாங்கி, ஆறு மாதம் அதன் அடியிலேயே கிடந்து அதற்கு உயிர் கொடுத்தவர். அந்த ஒன்று பிறகு மூன்றானது. மூன்றும் மலையிலிருந்து கொழும்புக்கு லீக்ஸும் கரட்டும் சுமந்தன. முதலாளி ஆன பிறகும் அவரைத் தேடிப் போனால் முதலில் தெரிவது லொறிக்கு வெளியே நீண்டிருக்கும் இரண்டு கால்கள்தான். அடியிலிருந்து பாட்டு வரும்.

பாட்டு அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, தொழில் செய்யும் முறை. "மாப்ள, மூணாவது கியர்ல சுருதி எறங்குது பாரு. பாரத்தக் கூட ஏத்திட்டானுங்க" என்பார். நிறுத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஏற்றத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார். "இப்ப எஞ்சின் பாடுது. நம்ம குறுக்க பாடக்கூடாது."

கோயில் திருவிழாக்களில் அவருடைய லொறிதான் மேடை. பக்கப் பலகைகளை இறக்கி, ஜமுக்காளம் விரித்து, சும்மா கொடுப்பார். ஆனால் தான் ஏறிப் பாடமாட்டார். கூட்டம் முடியும்வரை சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிற்பார். "சரிவுல நிக்கிற வண்டிய விட்டுட்டு நான் எங்க போறது?"

அந்த வருடம் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா. பட்டப்பகல் கச்சேரி, அறிவிப்பாளர் நான். (எட்டு முழ வேட்டி, கறுப்புக் கண்ணாடி, ஒரு டின் பவுடர்.) அக்காவுக்காக மச்சான் ஒரு பாட்டுக் கட்டி வைத்திருப்பது எனக்குத் தெரியும். அதை மேடையில் பாடச் சொல்லி ஒரு மாதம் கெஞ்சினேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"ஒரே பாட்டு. உங்க அக்கா முன்னால ஒக்காந்திருக்கணும். அவ்வளவுதான் மாப்ள."

கோயிலுக்கு முன்னாலிருந்த சரிவில், மேட்டைப் பார்த்து லொறியை நிறுத்தினார். கைப்பிரேக்கை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. பின் சக்கரத்துக்கு அணையாக ஒரு கல்லை வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார். முதல் லொறி வாங்கிய நாளிலிருந்து கூடவே வந்த கல். ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு.

அந்த நேரம் பார்த்து, லொறிக்குப் பக்கத்தில் தரையில் நின்ற ஒலிபெருக்கிப் பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. முட்டுக்கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். சக்கரத்தின் அருகே எனக்காகவே செதுக்கியது போல ஒரு கல். (அதன் வடிவத்தை ஒரு நிமிடம் நின்று ரசிக்கவும் செய்தேன். அது ஏன் அங்கே கிடக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.) எடுத்தேன், பெட்டிக்கு அடியில் வைத்தேன். பெட்டி நிமிர்ந்தது. நானும் நிமிர்ந்தேன்.

வெள்ளைச் சட்டையில் மச்சான் மேடையேறினார். அக்கா முன்வரிசையில் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண்களை மூடினார். பல்லவி வந்தது. எஞ்சின் எண்ணெய் ஊறிய அந்த மனிதருக்குள் இவ்வளவு மெல்லிய குரல் எங்கே இருந்ததோ, சனம் மூச்சு விடவில்லை.

முதல் சரணத்தில் மேடை நகர்ந்தது.

கூட்டம் அதை ஒரு புதுமை என்று நினைத்துக் கைதட்டியது. மைக் வயர் இழுபட்டு அறுந்தது. அதன் பிறகும் அவர் கண் திறக்காமல் ஒரு வரி பாடினார். பிறகுதான் சரளைக் கல்லில் டயர் உருளும் சத்தம் அவர் காதுக்கு எட்டியது. பார்க்கவில்லை, கேட்டார். ஒரே தாவலில் கீழே குதித்து, ஓடி, கதவைப் பிடித்து ஏறி, பிரேக்கை மிதித்தார். பின் சக்கரங்கள் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, லொறி தேயிலையில் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றது. ஒருவருக்கும் அடியில்லை. ஆர்மோனியம் ஒரு தேயிலைச் செடியின் மேல் உட்கார்ந்திருந்தது. தபேலா எங்களை விட்டு வெகுதூரம் போய்விட்டது. நான் மேடைத் தூணைக் கட்டிக்கொண்டு, செத்துப்போன மைக்கில், "ரசிகப் பெருமக்கள் அமைதி காக்கவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

அத்தனை களேபரத்திலும் ஆடாமல் அசையாமல் நின்றது ஒலிபெருக்கிப் பெட்டி மட்டும்தான்.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா ஓடி வந்தார். "ஒம்பது செடி போச்சு! கல்லு வைக்கலியா? யாருடா கல்ல எடுத்தது?"

நான் தூணை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மச்சான் அந்தப் பெட்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"நான்தாங்க வைக்க மறந்துட்டேன்" என்றார்.

அக்கா மெதுவாகக் கேட்டாள்: "எனக்குன்னு பாடுனது அவ்வளவுதானா?"

லொறிக்காரர் கல் வைக்க மறப்பது சமையல்காரர் உப்பை மறப்பது போல இல்லை. அது மானம் போகிற காரியம். மஸ்கெலியா முதல் அட்டன் வரை டிரைவர்கள் அவரைக் கண்டால் கேட்டார்கள்: "மொதலாளி, கல்லு வச்சீங்களா?" அவரும் சிரிப்பார். எங்கள் வீட்டிலோ யார் எங்கே புறப்பட்டாலும் இன்றுவரை அக்கா கேட்பது அதுதான்: "கல்லு வச்சாச்சா?" எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். பத்தொன்பது வருடம் சிரித்தேன். அவர் அதன் பிறகு மேடை ஏறவேயில்லை.

போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நுரையீரல். மூன்று லொறியை மலை ஏற்றிய மனிதருக்குப் பேசுவதே ஏற்றமாக இருந்தது. அக்கா சுடுதண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

"மச்சான், அந்தக் கல்ல எடுத்தது நான்தான்."

"தெரியும். பெட்டிக்கு அடியில பாத்தேனே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

மூச்சுக்குக் காத்திருந்து பேசினார். "ஊரு ஒன்னயப் பாத்து சிரிச்சா நீ எழுதுறத நிப்பாட்டியிருப்ப. என்னயப் பாத்து சிரிச்சா நான் லொறிய நிப்பாட்டவா போறேன்?"

"அந்தப் பாட்டு பாதியில போச்சே மச்சான்."

"மிச்சத்த மறுநாளே பாடிட்டேன், மஸ்கெலியா ரோட்டுல. உங்க அக்கா பக்கத்து சீட்டுல. நீ இல்லாததால நல்லா வந்துச்சு."

நேரம் முடிந்துவிட்டது என்று தாதி சிங்களத்தில் சத்தம் போட்டாள். நாளைக்கு வருகிறேன் என்று எழுந்தேன். அந்த நாளைக்கு அவர் இருக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாது. வாசல்வரை போனவனைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"மாப்ள, இந்தக் கட்டுலுக்கும் சக்கரம் இருக்கு. போறப்ப அடியில இருந்து எதையும் எடுத்துட்டுப் போயிராத."