அந்தரத்தில் நேர்ந்துவிட்ட மொட்டை

எனக்குப் பயமே கிடையாது என்று இருபத்தாறு வயது வரை ஊரை நம்பவைத்திருந்தேன். நானும் நம்பியிருந்தேன். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் பராமரிப்புப் பிரிவு இன்ஜினியர் நான். எந்த மிஷின் நின்றாலும் பதற மாட்டேன். நோட்டை எடுத்து மூன்று கட்டம் போடுவேன்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். இந்த மூன்றும் இல்லாத வாக்குறுதி எங்கள் பிரிவில் செல்லாது. (ஃபிட்டர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே ‘கட்டம்’தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) அந்த மூன்று கட்டம்தான் என் கல்யாண ஆல்பத்தைக் கெடுத்தது.

மாப்பிள்ளை என் சொந்த அத்தை மகன், தவமணி மச்சான். சென்னையில் வேலை. அவருடைய அப்பா வழியில் ஆண்களுக்கு முப்பது வயதானால் தலை மைதானமாகிவிடும். மச்சானுக்கு அப்போது இருபத்தொன்பது. சீர், நகை என்று எதுவும் கேட்காத மனிதர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“கௌசி, கல்யாண போட்டோவுல முடியோட இருக்கணும். அதுக்கப்புறம் போனாப் போகட்டும்.”

இதற்காக ஆறு மாதமாகச் சின்ன வெங்காயச் சாறு, செக்கு எண்ணெய், பட்டுத் தலையணை உறை. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார மாட்டார்.

கல்யாணத்துக்குச் சரியாக எட்டு நாள் இருக்கும்போது சென்னைச் சொந்தங்களுக்குப் பத்திரிகை வைக்க நானும் அத்தையும் போயிருந்தோம். மச்சானின் ஆபீஸ் நண்பர்கள் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்கு மூன்று டிக்கெட் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது டிக்கெட் அத்தைக்கு. தாலி ஏறும்வரை நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடாது என்பது அத்தையின் சட்டம். பஸ், ஆட்டோ, ஓட்டல் மேசை, எங்கேயும் நடுவில் அத்தைதான்.

அங்கேதான் அந்தத் தரையில்லாத ரோலர் கோஸ்டர் இருந்தது. மற்ற ராட்டினங்களில் காலுக்குக் கீழே ஒரு தகரமாவது இருக்கும். இதில் தண்டவாளத்துக்கு மேலே நாற்காலி மட்டும். கால் இரண்டும் கிணற்று மேட்டில் உட்கார்ந்த மாதிரி தொங்கும். சேலையோடு ஏறக்கூடாது என்றார்கள். அத்தை என் பையிலிருந்த சுடிதாரை வாங்கி உடுத்திக்கொண்டு வந்து, ஐம்பத்தொரு வயதில் முதன்முதலாகப் பேன்ட் போட்ட தெம்பில் கேட்டார்.

“ஏத்தா கௌசி, நீ வாரியா, இல்ல நாங்க மட்டும் போகவா?”

வரிசையில் நிற்கும்போது நான் ஆய்வு நடத்தினேன். போல்ட்டை முறுக்கியதற்கு அடையாளமாகப் பெயின்ட் கோடு இருக்கிறதா, வெல்டிங்கில் துரு இருக்கிறதா, சங்கிலிக்குக் கிரீஸ் போட்டிருக்கிறதா. எல்லாம் சரியாகவே இருந்தன. “பயப்படாதீங்க அத்தை, எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு” என்றேன். அத்தை பயப்படவில்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மச்சான் தலையில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். காற்று முடியை வேரோடு இழுத்துவிடுமாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தோம். இந்தப் பக்கம் நான், நடுவில் அத்தை, அந்தப் பக்கம் மச்சான். தோள்மேல் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. அதுவரை உள்ளங்காலில் தரை பட்டுக்கொண்டிருந்தது. ஒரு விசில் அடித்தது. அந்தத் தரை சத்தமில்லாமல் நகர்ந்து போனது. கீழே சிமென்ட் குழி தெரிந்தது.

எனக்குப் பயம் வந்தது அந்த நொடியில்தான். இருபத்தாறு வருடப் பாக்கியும் சேர்ந்து வந்தது.

எங்கள் திருச்சுழிப் பக்கம் உயரமானவை மூன்றே மூன்று: பனை, தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர். மூன்றிலும் நான் ஏறியதில்லை. இப்போது சங்கிலி என்னைக் ‘கடக் கடக்’ என்று மூன்றுக்கும் மேலே இழுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு கடக்குக்கும் என் படிப்பு எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. உலோகம் களைத்துப்போகும். பெயின்ட் கோடு போட்டவன் அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் இருந்திருக்கலாம். படிக்காமல் இருந்திருந்தால் ஒரே ஒரு பயத்தோடு போயிருக்கும். எனக்கு ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பயம்.

“ஏத்தா, ஏன் கண்ண மூடுற? அங்க பாரு, கடலு” என்றார் அத்தை.

உச்சியில் வண்டி நின்றது. (நிற்கவில்லை என்று மச்சான் இன்றும் சொல்கிறார். நின்றது.) என் வெறுங்கால்கள் வானத்தில் இருந்தன. பிறகு விழுந்தோம். வயிறு மேலேயே தங்கிவிட்டது. தலை கீழே, கால் மேலே, மறுபடி தலை கீழே. செத்துவிட்டேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவில் வாயைத் திறந்தேன்.

இங்கே ஒரு விளக்கம். எங்கள் வீட்டில் வேண்டுதல் வைப்பது பெண்கள். மொட்டை போட்டுக்கொள்வது ஆண்கள். அம்மாவின் மூட்டு வலிக்கு அண்ணன் மொட்டை. அத்தையின் கண் ஆபரேஷனுக்கு மாமாவின் மீசை. ஆகவே என் வாயிலும் அந்த முறைப்படியே வந்தது. கூடவே மில் பழக்கமும் வந்தது.

“அய்யனாரே, கம்மாக்கரை அய்யனாரே, என்னைய உசுரோட எறக்கி விட்டுரு. மொட்டை போடுறேன். தவமணி மச்சானுக்கு. வார வெள்ளிக்கிழமைக்குள்ள.”

வேலை, பொறுப்பு, தேதி. மூன்று கட்டமும் நிரம்பிவிட்டன.

கீழே இறங்கியதும் ஒரு சிமென்ட் பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். மச்சான் கைக்குட்டையை அவிழ்க்கவே இல்லை.

“நான் கேட்டேன். அவனும் கேட்டான். அய்யனாரும் கேட்டுருப்பாரு” என்றார் அத்தை.

அத்தை பிறந்தது எங்கள் வீட்டில். எங்கள் குலதெய்வம் அவருக்குப் பிறந்த வீட்டுச் சாமி. அந்த விஷயத்தில் தள்ளுபடியே கிடையாது.

“அம்மா, அவ பயத்துல சொன்னா.”

“பயத்துல வேண்டாம, பெறகு சிரிச்சுக்கிட்டா வேண்டுவாக?”

“நான் இன்னும் அவ புருசன் இல்லம்மா. என் முடி மேல அவளுக்கு என்ன உரிமை?”

“மொதப் பத்திரிகையே அய்யனாருக்குத்தானடா வச்சோம். உம்பேரு, ஊரு எல்லாம் அவருகிட்ட இருக்கு.”

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். “அத்தை, மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சுட்டு, கல்யாணம் முடிஞ்சு செஞ்சுக்கலாமே?”

“அது தேதி சொல்லாதவுகளுக்கு. நீதான் வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டியேத்தா.”

நானும் அத்தையும் ஊர் திரும்பிய பிறகு மச்சானிடமிருந்து ஒரு போன் இல்லை. புதன்கிழமை ஊருக்கு வந்தவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கல்யாணமே நின்றுவிடுமோ என்ற பயம் ராட்டினப் பயத்தைவிட மோசமானது. இதில் இறங்குமிடம் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை நரிக்குடி ரோட்டுக்கு உள்ளே, கண்மாய்க்கரை அய்யனார் கோயிலின் கருவேல நிழலில் மச்சான் மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தார். மொட்டை போடுபவர் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கத்தியோடு காத்திருந்தார். என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

“உங்கண்ணன் இருக்கான், உங்கப்பா இருக்காக. அவ்வளவு பேர விட்டுட்டு எம்பேரு ஏன் வந்துச்சு?”

“தெரியல மச்சான். சாகப்போறேன்னு நெனச்சப்ப வேற பேரு வரல.”

கொஞ்ச நேரம் கண்மாயையே பார்த்தார். தண்ணீர் இல்லாத கண்மாயில் பார்க்க ஒன்றும் கிடையாது. பிறகு தலையைக் குனிந்து, “போடுங்கண்ணே” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மொட்டைத் தலையோடு மாப்பிள்ளையைப் பார்த்ததும் மல்லாங்கிணற்றிலிருந்து வந்த ஒரு பெரியம்மா சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு, “அப்பாவுக்கு எப்ப ஆச்சு?” என்று விசாரித்தார். விசாரித்தது மச்சானின் அப்பாவிடமே. அவர் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்று அத்தை உறுதி சொல்லியிருந்தார். (தேதி சொல்லவில்லை.) மூன்று வருடம் ஆகிறது. ஓரங்களில் மட்டும் வந்திருக்கிறது.

இப்போது என் வீட்டில் நான் பயப்படுவது எல்லோருக்கும் சிரிப்பு. பந்தல்குடி ரோட்டில் எதிரே லாரி வந்து நான் ‘அய்யோ’ என்றால்கூட மச்சான் ஒரு கையால் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்வார். போன ஆவணியில் பிரசவ அறையில் வலி உச்சத்துக்குப் போனபோது “அய்யனாரே” என்று கத்தினேன். மூடிய கதவுக்கு வெளியே இருந்து உடனே ஒரு குரல் வந்தது.

“கௌசி, உன் முடியச் சொல்லு.”

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று மச்சான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் சொல்லவில்லை. தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.