ஜாமீனுக்கு இரண்டு பேர்

"நீங்க இப்போ கைது. போனை கட் பண்ணக்கூடாது. வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றார் வீடியோ காலில் தெரிந்த காக்கிச்சட்டை அதிகாரி.

சண்முகையா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். சங்கரன்கோவில் கருவூல ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆளில்லாத தெருவில்கூட ஹெல்மெட்டைக் கழற்றாதவர், இப்போது குற்றவாளி. அதுவும் மகளைப் பெண் பார்க்க வாசுதேவநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வரப்போகிற நாளில்.

"சார், இதுக்கு வழியே இல்லையா?"

"இருக்கு. பேங்க்குக்குப் போய் உங்க சேமிப்பை எல்லாம் நான் சொல்ற கணக்குல போடுங்க. விசாரணை முடிஞ்சதும் திரும்பி வந்துரும்."

"வெளிய போகக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"நானே அனுமதி தர்றேன். கிளம்புங்க."

"கைதான ஆளு ஜாமீன் இல்லாம எப்படி சார் வெளிய போறது? நாளைக்கு உங்க வேலைக்கே ஆபத்தா முடியும்."

அதிகாரி பல்லைக் கடித்தார். "சரி, ஜாமீன் கொடுத்தாச்சு."

"ஜாமீனுக்கு ரெண்டு ஆளு கையெழுத்துப் போடணுமே சார்?"

"அதெல்லாம் வேண்டாம்யா!"

"எனக்காகச் சட்டத்த வளைக்காதீங்க சார்" என்றபோது சண்முகையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போனைப் பிடித்தபடியே அடுப்படிப் பக்கம் போய் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"ஏட்டி, என்னைக் கைது பண்ணிட்டாங்க. யாருக்கும் தெரியக்கூடாது. சத்தமில்லாம தாவீது அண்ணாச்சியக் கூட்டிட்டு வா."

செண்பகவல்லி சத்தமில்லாமல்தான் வாசல்வரை போனாள். அங்கிருந்து, "ஐயோ, எங்க வீட்டுக்காரரக் கைது பண்ணிட்டாங்களே!" என்று தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி அலறினாள்.

பக்கத்து வீட்டு ஹார்டுவேர் கடைக்காரர் தாவீது, ஜாமீனுக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்று வீட்டுவரி ரசீதோடு ஓடி வந்தார். பின்னால் பாதித் தெரு வந்தது.

"நான் ஜாமீன் நிக்கேன் சார். ரசீது தெரியுதா?" என்று தாவீது அதைக் கேமராவில் ஒட்டினார்.

"ரெண்டாவது ஆளு நானு" என்று எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் தலையை நீட்டினாள். "அப்படியே எங்க ஆடு காணாமப் போன கேஸு என்னாச்சுன்னு பாத்துச் சொல்லுங்கய்யா."

போன் கட்டானது.

சண்முகையா பதறிப்போனார். "தப்பிச்சு ஓடிட்டேன்னு நினைச்சுருவாரே!"

உடனே திரும்ப அடித்தார். கட். மறுபடியும் அடித்தார். கட். தாவீதின் போனிலிருந்து அடித்தார். "சார், நான் ஓடல. இங்கனதான் இருக்கேன்." அதுவும் கட். முப்பிடாதியம்மாள் போனிலிருந்து அடித்தார். மதியச் சாப்பாட்டுக்கு அனுமதி கேட்டு அடித்தார். குளிக்க அனுமதி கேட்டு அடித்தார்.

"யோவ், உன்னை விடுதலை பண்ணிட்டேன்யா!" என்று கடைசியில் அந்தப் பக்கம் அழுகிற குரலில் கத்தியது.

சண்முகையா போனைக் கும்பிட்டுவிட்டு நாற்காலியில் விழுந்தார்.

சாயங்காலம் வந்த மாப்பிள்ளை லிங்கேஷ் முழுக்கதையையும் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, அது போலீஸே இல்ல. மோசடிக் கும்பல். போன்ல கைது பண்ணுதது சட்டத்துலயே கிடையாது."

மாமா என்று அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது. பணமும் பத்திரம், சம்பந்தமும் பத்திரம். சண்முகையாவுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

மறுநாள் காலை புகார் கொடுக்க அவர் சட்டையை மாட்டும்போதே, பெண் போலீஸ் மாரிசெல்வி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

"நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்கம்மா. அந்த நம்பர் மேல ஒரு புகார் கொடுக்கணும்."

மாரிசெல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அந்த நம்பர்ல இருந்துதான் சார் எங்களுக்கே புகார் வந்துச்சு, சங்கரன்கோவில்ல இருந்து ஒரு ஆளு விடாமத் துரத்துதாருன்னு, அத வச்சுத்தான் அவனப் பிடிச்சாங்க, ஜெயில்ல போன் கிடையாதுன்னதும் நிம்மதியா வண்டியில ஏறி உக்காந்துட்டானாம்."