ஆம்ப்ளி அண்ணனின் இடது ஸ்பீக்கர்

காஞ்சிபுரத்துக் கோயில்கள் அத்தனையிலும் சேர்த்துக் கடைப்பிடிக்கிற ஆசாரத்தைவிட அதிக ஆசாரம், பிள்ளையார்பாளையத்தில் ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயருக்குக் கடைப்பிடிக்கப்பட்டது. அதன் சொந்தக்காரர் என் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டுக்கு வெளியே அதை யாரும் பயன்படுத்தியதில்லை. தெருவுக்கு அவர் ஆம்ப்ளி அண்ணன். எனக்கு அவர் ரத்தக்கொதிப்பு. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆயுசு முழுக்க அரசு பஸ் ஓட்டியவர். ரிட்டயரானதும் மற்ற டிரைவர்கள் வீட்டுக்கு மாடி எழுப்பினார்கள், இவர் ஒரு ஆம்ப்ளியும் சி.டி. பிளேயரும் இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கினார். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் ஆவடியில். ஆக, வீட்டில் அவரும் அந்தப் பெட்டிகளும்தான். அவற்றில் அவர் பாட்டுக் கேட்ட நேரத்தைவிட, அவை கெட்டுப்போய்விடுமோ என்று பயந்த நேரம்தான் அதிகம். பயந்தால் சிலருக்கு வியர்க்கும். இவருக்குக் கோபம் வரும், அந்தக் கோபம் நேராக எங்கள் வீட்டுக்கு வரும்.

வெள்ளிக்கிழமை நாங்கள் சாம்பிராணி போட்டால், புகை ஸ்பீக்கருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் என்று ஜன்னலில் ஈர வேட்டியைக் கட்டிவிட்டு, எங்கள் வாசலில் வந்து நின்று திட்டுவார். அவர் வீட்டுக்குள் போகிறவர்கள் செல்போனை வாசலிலேயே வைத்துவிட வேண்டும். திருவிழாவில் வாணம் விட்டால் அதிர்ச்சி தாக்காமலிருக்க இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து ஆளுக்கொரு கையால் அணைத்துக்கொள்வார். சனிக்கிழமை தவறாமல் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுவார். பேரக் குழந்தைக்குத் தலை வாரினால்கூட அத்தனை பொறுமை இருந்திருக்காது.

ஒருமுறை ஆம்ப்ளிக்குள் பல்லி புகுந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் விளக்குமாறை எடுத்திருப்பார்கள். எங்கள் ஊரில் பல்லியைத் தொட்டுக் கும்பிட வெளியூர்க்காரர்கள் பெருமாள் கோயிலில் வரிசையில் நிற்கிறார்கள். ஆம்ப்ளி அண்ணன் சர்ச்சுக்குப் போகிறவர்தான், இருந்தாலும் இந்த ஊர்க்காரர். பல்லியை அடிக்கவும் முடியவில்லை, சுவிட்சைப் போட்டு அதைச் சுடவும் மனசு வரவில்லை. அது தானாக வெளியே வரும்வரை பெட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பல்லிக்கும் திட்டு எனக்குத்தான். பூச்சி வரும்படி நாங்கள் வாசல் விளக்கைப் போட்டு வைத்ததால்தான் பல்லி வந்ததாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஜரிகை விவகாரம்.

அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சாவி எங்களிடம். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், பெட்டிகளின் பக்கம் பார்க்கவே கூடாது என்று உத்தரவு. மழை வந்து ஜன்னலில் சாரல் அடிக்க, என் மனைவி மல்லிகா தறியிலிருந்து எழுந்து ஓடினாள். ஜன்னலைச் சாத்தித் திரும்பினால், ஆம்ப்ளியின் பின்னால் எலி கடித்து வைத்திருக்கிறது. இடது ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரிலும் தோல் உரிந்து செம்பு இழைகள் சிலும்பிக்கொண்டு நின்றன. மல்லிகா நெசவு வீட்டில் பிறந்து நெசவு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். பிரிந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா வர அவள் கைக்குத் தெரியாது. இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்து, இடுப்பில் செருகியிருந்த மிச்ச ஜரிகையால் அழகாகச் சுற்றி, முடிச்சுப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

பட்டுநூலால் சுற்றியிருந்தால்கூடப் பாதிப் பழிதான் வந்திருக்கும். ஜரிகை என்பது நூல் மேல் சுற்றிய உலோகம். அண்ணன் ஊரிலிருந்து வந்தார், சுவிட்சைப் போட்டார், வால்யூமைத் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு, லேசாகத் தீய்ந்த வாசனை. அவர் போட்ட கூச்சலில் தெருவில் பாதித் தறிகள் நின்றன. எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, அப்படியென்றால் ஜரிகை அசல்தான் என்று மெச்சினார். அதைக் கேட்டு அண்ணனுக்கு இன்னும் ஏறிவிட்டது.

ஒயரை மாற்றியதும் ஆம்ப்ளி பழையபடி பாடியது. அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் நாதஸ்வர சி.டி. போடுவது அவர் வழக்கம். அதில் நாயனம் வலது பக்கம், தவில் இடது பக்கம் கேட்கும். அந்த வாரம் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"தவில்காரன் எங்கமா? மல்லிகா, உன்னத்தான். தவில்காரன கொன்னுட்டியேமா."

இடது ஸ்பீக்கர் போய்விட்டதாம். மல்லிகாதான் கெடுத்தாளாம். தண்ணீர் பிடிக்க வருகிறவர்களிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், பால்காரரிடம் சொன்னார். நான் கடைத்தெருவிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்தேன். ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, ஆம்ப்ளியும் நன்றாக இருக்கிறது என்றார் அவர். மெக்கானிக் எங்களுக்குச் சொந்தக்காரன் என்று தெருவில் சொல்லிவிட்டார் அண்ணன். மல்லிகாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் நெய்த சேலையில் இதுவரை யாரும் ஒரு இழை குற்றம் சொன்னதில்லை. "நான் கை வெச்சு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு யாரும் சொன்னதில்லையேங்க" என்று தறியில் உட்கார்ந்தபடியே அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு நேரில் தீர்த்துக்கொள்ளக் கிளம்பினேன்.

நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் தவில் கணீரென்று கேட்டது. அண்ணன் நாற்காலியில் ஸ்பீக்கர்களைப் பார்த்து உட்கார்ந்து, எங்கே தவில், எங்கே தவில் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மல்லிகா பின்னால் கதவருகே நின்றிருந்தாள். அவளைத் திட்டுவதற்காக எழுந்து, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். திட்ட வாயெடுத்தவர் நின்றுவிட்டார்.

"இப்ப தவில் கேக்குது. நாயனம் பூடுச்சு. வலதையும் கெடுத்துட்டீங்களா?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஆள் திரும்பினால் ஸ்பீக்கர் எப்படிக் கெடும்? மல்லிகா முந்திக்கொண்டாள். அவருடைய இடது பக்கமாகப் போய் நின்று, காபி போடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். பதில் இல்லை. காபியை வேண்டாம் என்று சொல்லி அறியாத மனிதர் அவர். வலது பக்கம் வந்து அதே குரலில் கேட்டாள். "சக்கர கம்மியா போடு" என்றார்.

அவர் ஓட்டிய பழைய பஸ்களில் இன்ஜின் டிரைவருக்கு இடது பக்கத்தில், முழங்கை படுகிற தூரத்தில் இருக்கும். அது அத்தனை வருஷமும் அந்த ஒரு காதில்தான் கத்தியிருக்கிறது. ஆகா, மாட்டினார் என்று நான் வாயைத் திறந்தேன். மல்லிகா என் கையைக் கிள்ளினாள்.

"ஆமாண்ணா, என் ஜரிகையாலதான் கெட்டுப்போச்சு. ரெண்டு பொட்டியும் குடுங்க, நானே சரி பண்ணிக் குடுத்துடறேன்."

வீட்டுக்கு வந்து குதித்தேன். குற்றம் இல்லை என்று நிரூபணமான நிமிஷத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்கிற பெண்பிள்ளையை எங்கேயாவது பார்த்ததுண்டா? அவள் நிதானமாகச் சொன்னாள்.

"பொட்டி போச்சுன்னா திட்டறதுக்கு நாம இருக்கோம். காது போச்சுன்னா அவரு யாரத் திட்டுவாரு?"

இரண்டு பெட்டிகளையும் அண்ணனே அணைத்துத் தூக்கி வந்து கொடுத்தார். மல்லிகா வலது ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி, பழைய பட்டுத்துணியை மடித்து உள்ளே வைத்து, அதன் சத்தத்தை அடக்கினாள். நாயனம் தவிலுக்குச் சமமாக இறங்கியது. ஆக, அந்தப் பெட்டிகளுக்கு நாங்கள் செய்த ஒரே சேதம் அதுதான். அண்ணன் வால்யூமைக் கூட்டி வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். இப்போது சரியாக இருக்கிறது, ஆனால் ஜரிகையோடு இந்தப் பக்கம் வராதே என்றார். அன்று முதல் எங்கள் சுவர் இரண்டு மடங்கு அதிர்ந்தது. சாம்பிராணித் திட்டும் தொடர்ந்தது.

போன மாதம் ரங்கசாமி குளம் பக்கம், இடப்புறம் வந்த ஆட்டோவின் ஹாரன் கேட்காமல் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். மகள் வந்து காது டாக்டரிடம் காட்டினாள். இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் என்று சொல்லி, சாமான் ஏற்ற மினி லாரியையும் பிடித்துவிட்டாள்.

பெட்டிகளை ஏற்றும்போது யாரையும் தொட விடவில்லை. வலது ஸ்பீக்கரைத் தூக்க முட்டி ஒத்துழைக்கவில்லை போலிருக்கிறது, என்னைக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் முதன்முறை. நான் குனிந்து அணைத்துத் தூக்கினேன்.

"பாத்துபா, சாய்க்காத. உள்ள மல்லிகா வெச்ச துணி இருக்குது, நகந்துடப் போவுது."

சனிக்கிழமை தவறாமல் முன்துணியைக் கழற்றித் தூசி தட்டுகிற மனிதர் என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. வாசலில் நின்றிருந்த மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் அவளைப் பார்க்காமலே ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளம் பார்த்து ஓட்டு என்று அந்த டிரைவரைத் திட்ட ஆரம்பித்தார். தெருமுனை திரும்பும்வரை திட்டு கேட்டது.

இப்போது வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறோம். கேட்க ஆளில்லை. சுவர் சும்மா இருக்கிறது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.