ஐந்து டிகிரிச் சாய்தளம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்காவின் முழங்கால் நீங்கலாக எல்லாம் நலம். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் உன் நலத்தைக் கோபம் ஆறியதும் விசாரிக்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து நாளை வெள்ளிக்கிழமை அவள் சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறாள். வாசற்படி பதினெட்டு அங்குல உயரம், ஐந்து டிகிரிச் சாய்தளம் போடுங்கள் என்றார் டாக்டர். உயரத்தை சைனால் வகுத்தால் நீளம் வரும், ஆனால் என் கால்குலேட்டரில் சைன் பொத்தான் இல்லை என்று உனக்குப் போன் செய்தேன். "அது எதுக்கு அத்தான்? கோணத்தை எக்ஸ்னு வச்சு, எக்ஸ்லேருந்து எக்ஸ் கியூபை ஆறால வகுத்துக் கழிங்க, அதான் சைன், போதும்"னு சொல்லி வச்சிட்டே. ஐந்தைப் போட்டுக் கழித்தேன். மைனஸ் பதினைந்து சொச்சம் வந்தது. அதை நம்பி, இரும்பில் சாய்தளம் செய்யும் வெல்டரிடம் சொன்னால், "மைனஸ்னா பள்ளம் தோண்டணுமா சார்?" என்கிறார். டிகிரியை ரேடியன் என்ற வேறு கோண அளவாக மாற்ற வேண்டும் என்று நீ மறுநாள்தான் வாயைத் திறந்தாய்.

மாற்றினேன். நீ சொன்னது முடிவில்லாமல் நீளும் ஒரு தொடரின் தொடக்கம்தானாம். அதன் முதல் உறுப்போடு நிறுத்தினால் இருநூற்றாறே கால் அங்குலம், இரண்டாவதையும் சேர்த்தால் இருநூற்றாறரை. கால் அங்குலம் உதைக்கிறதே என்று மூன்றாவதையும் போட்டேன். தலைமுடி கனத்துக்குக்கூட வித்தியாசம் இல்லை. ஆனாலும் மனசு கேட்குமா, நான்காவதையும் போட்டேன். முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன், ஓர் ஆணி குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இப்படியே மூணு நாள் போச்சு. "என் வெல்டிங் கனமே கால் அங்குலம் சார், எதையாவது சொல்லுங்க, வெட்டிடறேன்" என்று அவர் கெஞ்சினார்.

நேற்று கொண்டுவந்து வைத்தார். இம்மி பிசகவில்லை, பதினேழு அடி சொச்சம். வாசலிலிருந்து கேட் வரை பன்னிரண்டு அடிதான் என்பதை நானும் அளக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. மிச்சம் ஐந்தடி தெருவில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டை மூட முடியவில்லை. நாளை அவள் வந்து தெருவில் உட்கார்ந்து விழிப்பாள். எந்த உறுப்பைக் கழித்தால் இது ஐந்தடி குறையும் என்று, கடிதம் கொண்டுவருபவரிடமே எழுதிக் கொடுத்தனுப்பு.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள். நீயும் நன்றாக இரு, குறைந்தது நாளை வரையிலாவது.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை உடனே அனுப்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் உன் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பின்வாசலுக்குப் படியே கிடையாதே. அந்தப் பக்கம் சந்து வீட்டுத் தரை அளவுக்கு மேடுதானே, அப்படியே உருட்டிட்டுப் போயிடலாம்" என்றாள். முப்பது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், பின்வாசலைத் திறந்ததில்லை. குப்பை, காய்கறிப் பை, கேஸ் சிலிண்டர் எல்லாம் அந்த வழியாக அவள்தான் எடுத்துப் போய் எடுத்து வந்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது. இப்போது கடிதத்தை அனுப்புகிறேன். கணக்கு எதுவும் வேண்டாம். அவளிடம் மறுபடி போய்க் கேட்க முகமில்லை. அந்தக் கதவின் சாவியை அவள் எங்கே வைப்பாள் என்று உனக்காவது தெரியுமா?