நாகலூரில் எல்லோருக்கும் வயது குறைந்த வாரம்

போன வாரம் நாகலூர் பஸ் ஸ்டாப்பில் ஒரே தள்ளுமுள்ளு. பஸ்ஸுக்காக அல்ல, பஸ் காலியாகத்தான் போனது. கூட்டமெல்லாம் இளமையானந்த சித்தரின் கூடாரத்துக்கு. மலை வேரின் சாறு ஒரு மடக்கு குடித்தால் பத்துப் பதினைந்து வயது குறையுமாம். பக்கத்து மலையூரான கொட்டச்சேட்டிலிருந்துகூட ஜீப் பிடித்து வந்தார்கள். சித்தருக்கே வயது நூற்று நாற்பதாம். காதோரம் தலைச்சாயம் வழிந்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

வித்தை இதுதான். காலை நகர்த்தாமல் நின்று, வலக்கையை நீட்டி, இடுப்பை முடிந்தவரை பின்னால் திருப்ப வேண்டும். விரல் காட்டும் இடத்தில் தட்டியில் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். பிறகு ஒரு மடக்கு சாறு. மறுபடி திருப்பினால் விரல் கோட்டைத் தாண்டி ஒரு சாண் போகும். உடனே சித்தர் அட்டையில் புது வயதை எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

எஸ்டேட் தொழிலாளர்களுக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. பிறந்த தேதி தெரியாதவர்களை எஸ்டேட்டில் பேரேடு எழுதும் ரைட்டர் ஏற இறங்கப் பார்த்து எழுதியதுதானே இங்கே வயது? ரைட்டர் எழுதலாம், சித்தர் எழுதக் கூடாதா?

காப்பித் தோட்டத்தில் கிளை கழித்துக் கவாத்து வெட்டும் சின்னத்தம்பிக்கு அறுபத்திரண்டு. சித்தர் நாற்பத்தெட்டு என்று எழுதிவிட்டார். மாத்திரையை நிறுத்தவும் சொல்லிவிட்டார். வீடு தேடிப் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளர் புவனா வந்து பார்த்தபோது பிரஷர் நூற்றெண்பது.

"ஏனுங்கய்யா, மாத்திரை போடலீங்களா?"

"நாப்பத்தெட்டு வயசுல எதுக்கு கண்ணு மாத்திரை?"

அவர் மனைவி பொன்னாயிக்குக் கண் கலங்கியது. "காலைல தலை சுத்திச் செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னாருங்க. கேட்டா, இளமை ஏறுதுங்கறாரு."

புவனாவுக்குக் கோபம் வந்தது. நாளை கை கால் இழுத்துக்கொண்டால் சித்தரா வந்து தூக்குவார்? இருவரையும் அழைத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள்.

"இந்தம்மாவுக்கும் பாருங்க சாமி. சாறு வேண்டாமுங்க, சும்மா ரெண்டு தடவை திரும்பட்டும்" என்றாள் புவனா.

"சாறில்லாமல் திரும்பினால் நரம்பு முறுக்கிக்கொள்ளும்" என்றார் சித்தர்.

பொன்னாயி அதற்குள் திரும்பிவிட்டாள். கோடு போட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி திரும்பினாள். விரல் ஒன்றரைச் சாண் தாண்டியது.

"எங்கூட்டுக்காரர விட எனக்கு நொம்பக் கொறைஞ்சு போச்சுங்களே" என்றாள்.

"சாற்றின் வாசனை பட்டிருக்கிறது" என்றார் சித்தர். எப்பேர்ப்பட்ட விஞ்ஞானம்!

"அப்ப ரோட்டுல போய்த் திரும்பிப் பாக்கலாமுங்க" என்றாள் புவனா. முதலில் பஸ் கண்டக்டர் மாதேஷ் திரும்பினார். பிறகு டீக்கடைக்காரர். பிறகு ஊரே நடுரோட்டில் நின்று இடுப்பைத் திருப்பியது. எல்லோருக்கும் ஓசியில் வயது குறைந்தது.

"மொதத் தடவை ஒடம்பு பயந்து பாதியிலயே நிக்குதுங்க" என்றாள் புவனா. "ரெண்டாந் தடவை இன்னுங் கொஞ்சம் போவுது, அவ்வளவுதானுங்க. வயசை யாரும் கொறைக்க முடியாது. நடங்க, உப்பைக் கொறைங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க. வயசான ஒடம்பும் நல்லா ஒழைக்கும்."

சித்தர் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாதேஷின் பஸ்ஸில் ஏறப் பார்த்தார்.

"நெசமா வயசு எத்தனைங்க?" என்று வழிமறித்தார் மாதேஷ்.

"நாற்பத்தாறு" என்றார் சித்தர், முணுமுணுப்பாக.

சின்னத்தம்பி அட்டையைக் கிழித்துப் போட்டார். "அறுவத்திரண்டாவே இருந்துக்கறேன் கண்ணு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ."

சித்தர் அடுத்து எந்த ஊரில் கூடாரம் போட்டார் என்று தெரியவில்லை. உங்கள் ஊராகவும் இருக்கலாம். சாற்றைக் குடிக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். யோசிப்பதற்கு வயது வரம்பு கிடையாது; எந்த ரைட்டரும் எழுதித் தர வேண்டியதில்லை.