பதினோரு மணிக்கு வற்றிய கிணறு

தப்பாகக் கணக்குப் போடுகிறவனைக்கூட மன்னித்துவிடலாம். தப்புக் கணக்கை ஊரைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டுகிறவனை மன்னிக்கவே கூடாது. எழுபதுகளில் நான் அந்த இரண்டாவது ரகம்.

நிலவியல் படித்துவிட்டு, செங்கல்பட்டில் நிலத்தடி நீரை ஆராயும் ஓர் அலுவலகத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். (தற்காலிகம் வேலைக்கு மட்டும்தான், தலைக்கனம் நிரந்தரம்.) சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கே எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். மேற்கே இரண்டு மைல் தள்ளியிருந்த வயல்காட்டுக் கிணறுகளில் மட்டும் நல்ல தண்ணீர். அங்கிருந்து குப்பத்துக்குக் குழாய் போட்டால் தாங்குமா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நான் நீர்மட்டத்தை அளந்து வரவேண்டும். எங்கள் எஞ்சினியர் அதை ஓட்டை போட்ட அட்டைகளாக்கி மெட்ராஸில் இருந்த ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார். அது வரப்போகும் மாதங்களின் நீர்மட்டத்தைச் சொல்லும்.

“எத்தனை நாளைக்கு ஒருதரம் அளக்கலாம்? ஒரே நாளில் நாலைந்து தடவை அளந்து பார்க்கவேண்டாமா?” என்று எஞ்சினியர் கேட்டார்.

“நிலத்தடி நீர் ரொம்ப மெதுவாக நகரும் சார். வாரம் ஒருதரம் தாராளம்” என்றேன். உண்மையான காரணம் பஸ். அது என்னைப் பதினோரு மணிக்கு இறக்கிவிட்டு, பன்னிரண்டரைக்குத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். வெயிலில் நாள் முழுக்க யார் நிற்பது?

ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு, இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றில் இறக்குவேன். நனைந்த இடம்வரை சாக்பீஸ் அழிந்திருக்கும். அதை வைத்து மட்டம் தெரியும். சுமார் முப்பதடி ஆழத்தில் தண்ணீர் இருந்தது. வாராவாரம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. படிவத்தில் ‘மோட்டார் ஓடும் நேரம்’ என்றொரு கட்டம். நான் போகும்போது எந்த மோட்டாரும் ஓடியதில்லை. முட்டை போட்டேன்.

கம்ப்யூட்டர் பாவம், யாருமே இறைக்காத கிணறு தானாகவே வற்றுகிறது என்று நம்பிவிட்டது. சித்திரைக்குள் எல்லாக் கிணறும் தரைதட்டும் என்றது.

குப்பத்துக் கோயில் வாசலில் கூட்டம் போட்டு, குழாய்த் திட்டம் நடக்காது என்று நானே அறிவித்தேன். (“நான் சொல்கிறேன் சார்” என்று எஞ்சினியரிடம் கெஞ்சி வாங்கிய வாய்ப்பு.) பெண்கள் முகம் செத்துவிட்டது. அப்போது கன்னியம்மா எழுந்தாள். விடியுமுன் மீன்கூடையோடு வயல்காட்டு ஊர்களுக்கு நடந்து போய் விற்று, திரும்பும்போது ஒரு குடம் நல்ல தண்ணீர் சுமந்து வருகிறவள்.

“இன்னா சாரு சொல்ற? காலைல நான் போவசொல்ல கெணறு ரொம்பிக்கினு கீது. நீ எப்போ பார்த்த?”

“பதினோரு மணிக்கு.”

“ஆறு மணிக்கு கரண்டு வரும், பதினோரு மணிக்கு பூடும். அதுவரைக்கும் அல்லாரும் மோட்டார் போட்டு இறைச்சிக்கினு இருப்பாங்க. இறைச்சி முடிச்ச கெணத்துல நீ கயிறு வுட்டா இன்னா இருக்கும்?”

கூட்டம் சிரித்தது. எஞ்சினியர் சிரிக்கவில்லை. “நாளைக்கு விடியற்காலை ஜீப்பில் போறோம்” என்றார்.

மறுநாள் கரண்டு வருமுன் போய்விட்டோம். பழக்கதோஷத்தில் முப்பதடிக்கு மேல் டேப்பை மளமளவென்று இறக்கினேன். மேலே இழுத்தால் சாக்பீஸே இல்லை. தேய்க்க மறந்துவிட்டேனோ என்று மறுபடி தேய்த்து இறக்கினேன். மறுபடியும் இல்லை. மூன்றாவது தடவை, என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். அது கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

முப்பதடி விழப்போகிறோம் என்று அலறிக்கொண்டே போனவன், பன்னிரண்டு அடியிலேயே தண்ணீரைச் சந்தித்தேன். நீரியல் தெரியும், நீச்சல் தெரியாது.

அந்த வழியாக வந்த கன்னியம்மா கூடையை இறக்கிவிட்டு, குடத்துக் கயிற்றை வீசினாள். “சாரு, பக்கத்துல கல்லு நீட்டிக்கினு கீது பாரு, அத்தப் புடி!”

மேலிருந்து எஞ்சினியரின் குரல்: “மட்டம் என்னய்யா?”

“கழுத்துக்கு மேலே சார்!”

துவட்டிக்கொள்ள கன்னியம்மா கொடுத்த துண்டில் மீன் வாசனை. எனக்குக் குளிரைவிட வெட்கம்தான் நடுக்கியது. என் ஒரு பஸ் பயணத்தின் சௌகரியத்துக்காக, இவள் ஆயுள் முழுக்கக் குடம் சுமந்திருப்பாள்.

அன்று மாலைவரை மணிக்கொரு தடவை அளந்தேன். மறுவாரம் வயல்காட்டு ஊர்களில் வீடுவீடாகப் போய், யார் எத்தனை மணி நேரம் இறைக்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். புது அட்டைகளை விழுங்கிய கம்ப்யூட்டர், இறைக்கும் நேரத்தைக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டால் குழாய்க்கும் தண்ணீர் தாங்கும் என்றது. விவசாயிகள் முனகினார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் குப்பத்தில் குழாய் திறந்த அன்று, கன்னியம்மா முதல் குடத்தைப் பிடித்து, இரண்டு மைலுக்குப் பதில் இருபதடி நடந்தாள்.

பல வருஷம் கழித்து மனைவி, மகனோடு அந்தப் பக்கம் போனபோது வழி தெரியவில்லை. டீக்கடையில் கேட்டோம். “நேராப் போயி, சாரு வுழுந்த கெணத்தாண்ட லெஃப்ட்ல திரும்பு” என்றார் கடைக்காரர்.

“எந்த சாரு?” என்றான் மகன்.

“யாரோ” என்றேன். என் முகத்தைப் பார்த்த மனைவிக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது, அடுத்த நொடியில் அவள் சொல்லி மகனுக்கும்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு யாராவது வழி கேட்டால், என் மகன் போனில் கூசாமல் சொல்கிறான்: “பஸ் ஸ்டாண்டிலிருந்து மூணாவது தெரு. சாரு வுழாத வீடு.”